ஆடியில் கிடாய், மார்கழியில் குட்டி: மேய்ச்சல் செம்மறி வளர்க்க வருபவர்களுக்கு

செம்மறி வளர்க்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் தீவனம் வைக்கணும்?" என்பதைத்தான். இதற்கு யோசிக்காமல் ஒரே எண்ணைச் சொல்கிறவர் பெரும்பாலும் தீவனம் விற்கிறவராக இருப்பார். மேய்ச்சல் ஆட்டுக்கு வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் நம் கையிலிருந்து பெரிதாக ஒன்றும் தேவைப்படாது. ஆனால் மூன்று சமயங்களில் கொடுக்காமல் விட்டால் அந்த வருஷமே கைநழுவிப் போகும். கிடாய் சேர்ப்பதற்கு முந்தைய மூன்று வாரம், சினையின் கடைசி ஏழு வாரம், குட்டி பால் மறக்கிற சமயம். தீவனச் செலவை 365 நாளுக்கும் சமமாகப் பங்கு போடுகிறவர், தேவையில்லாத நாளில் வீணடித்து, தேவையான நாளில் கையைப் பிசைவார். அந்த மூன்று சமயங்களைக் கண்டுபிடித்து, அவற்றில் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு சொல்ல முடியாது. ஆகவே காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காட்டையும் மேச்சேரி இனச் செம்மறியையும் வைத்தே சொல்கிறேன். கொறங்காடு என்பது கிளுவை வேலி போட்ட சொந்த மேய்ச்சல் நிலம். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம். வேலி இருப்பதால் நாள் முழுக்க ஆள் நிற்க வேண்டியதில்லை, ஒரு காட்டை மேய்த்து மறு காட்டை ஆறப்போடவும் முடியும். உங்களிடம் இருப்பது சென்னைச் சிவப்போ, வேம்பூரோ, கீழக்கரிசலோ, ராமநாதபுரம் வெள்ளையோ என்றால் மாதங்கள் முன்பின்னாக மாறும், எண்ணும் முறை மாறாது.

மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். தமிழ் மாதக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து மாதம். ஆடி முதல் தேதி சினையான ஆடு மார்கழி பிறக்கும் வாக்கில் ஈனும்.

குளிர் நாட்டுச் செம்மறிகள் பகல் பொழுது குறையும் பருவத்தில்தான் பருவத்துக்கு வரும். நம் ஊர் ஆட்டுக்கு அந்தக் கட்டு கிடையாது, வருஷம் முழுக்கச் சினைபிடிக்கும். இது வசதியாகத் தெரிந்தாலும் புதியவர்களைக் கவிழ்ப்பது இதுதான். கிடாயை எந்நேரமும் பட்டியிலேயே விட்டுவைத்தால் மாதத்துக்கு நாலு குட்டி, அஞ்சு குட்டி என்று பிறந்துகொண்டே இருக்கும். எந்த ஆடு எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியாது, யாருக்கும் தனியாகத் தீவனம் வைக்க முடியாது, சித்திரை வறட்சியில் பிறந்த குட்டி பாலில்லாமல் சாகும்.

கொங்குப் பகுதியில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. தாய் ஆட்டுக்கு அதிகப் பசி எடுப்பது சினையின் கடைசியிலும், ஈன்ற பின் முதல் இரண்டு மாதத்திலும். இந்த இரண்டும் புல் இருக்கிற நாட்களில் விழ வேண்டும். ஆடி முதல் தேதி கிடாயைச் சேர்த்து, 42 நாளில் ஆவணி பத்து வாக்கில் பிரித்துவிட்டால் ஐப்பசிப் பச்சை கடைசிச் சினைக்கு உதவும். அடைமழை ஓய்ந்த பின் மார்கழி, தை மாதங்களில் குட்டி விழும். ஒரு மாதம் முன்னால் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் புல் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும்தான். ஆனால் கார்த்திகை மழையில் நனைந்த பிஞ்சுக் குட்டிக்குச் சளி கட்டினால் அந்தப் புல்லால் பயனில்லை.

42 நாள் ஏன்? செம்மறி சுமார் 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு முறை தவறிய ஆட்டுக்கும் மறு வாய்ப்புக் கொடுத்து, மேலே ஒரு வாரம் சேர்த்தால் இந்தக் கணக்கு. அதற்குள் பிடிக்காத ஆட்டை அடுத்த சேர்க்கை வரை காத்திருக்க வையுங்கள், அல்லது கழித்துவிடுங்கள்.

இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்று பரிந்துரைகள் சொல்லும். எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று என்பது முடியாத காரியமில்லை. ஆனால் அதற்கு ஒரு ஈற்றாவது வறட்சியில் விழும், கைத்தீவனம் வேண்டும், கணக்கு வேண்டும். முதல் இரண்டு வருஷம் ஒற்றை ஈற்றிலேயே கை பழகட்டும்.

முதுகில் கை வைத்துப் பாருங்கள்

கண்ணால் பார்த்து ஆட்டின் உடல்நிலையைச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சறுக்கும். புல் மேய்ந்த வயிறு ஊதியிருந்தால் மெலிந்த ஆடும் கொழுத்தது போலத் தெரியும். 1961-ல் டாஸ்மேனியாவில் ஜெஃப்ரீஸ் என்பவர் கையால் தடவிப் பார்த்து மதிப்பெண் போடும் முறையை எழுதினார். 1969-ல் ஸ்காட்லாந்தில் ரஸல், டோனி, கன் மூவரும் அந்த மதிப்பெண் உடலில் உள்ள கொழுப்போடு ஒத்துப்போகிறதா என்று சோதித்துக் காட்டினார்கள். உலகம் முழுக்கச் செம்மறிப் பண்ணைகளில் இன்றும் இதுதான் நடக்கிறது. கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஆட்டை நிற்க வைத்து, கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் உள்ள இடத்தில் கையை வையுங்கள். நடுவில் முதுகுத்தண்டின் மேல்முனை தட்டுப்படும். இருபுறமும் பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகளை விரலால் கீழிருந்து அழுத்திப் பாருங்கள். முனைகள் கூர்மையாகக் குத்தி, இடையில் சதையே இல்லாமல் பள்ளமாக இருந்தால் மதிப்பெண் 1. எலும்பு தெரிகிறது, ஆனால் முனை மழுங்கியிருக்கிறது, கொஞ்சம் சதை இருக்கிறது என்றால் 2. அழுத்தினால்தான் எலும்பு தெரியும், சதை நிரவி நிற்கும் என்றால் 3. அழுத்தியும் பக்க எலும்பு தெரியாவிட்டால் 4. முதுகில் கொழுப்பு மேடு கட்டி நடுவில் வாய்க்கால் விழுந்தால் 5. மேய்ச்சல் காட்டில் 5 பார்ப்பது அபூர்வம்.

பழக ஒரு வழி உண்டு. முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள், அது 1. விரல்களை நீட்டி, உள்ளங்கைக்குப் பின்பக்கத்தைத் தடவினால் கிட்டத்தட்ட 3.

கிடாய் சேர்க்கும்போது 2.5 முதல் 3 வரை, ஈனும்போது 3, குட்டியைப் பிரிக்கும்போது 2-க்குக் கீழே போகாமல். இந்த மூன்று இலக்கையும் பட்டிச் சுவரில் எழுதி வையுங்கள். ஆஸ்திரேலியாவில் 2000-களில் நடந்த 'லைஃப்டைம் வூல்' என்ற பெரிய ஆய்வுத் திட்டம் மெரினோ ஆடுகளில் இதைத்தான் விரிவாகக் காட்டியது. சினைக்காலத்தில் தாயின் மதிப்பெண் இறங்கினால் குட்டியின் பிறப்பு எடை குறைகிறது, பிழைப்பது குறைகிறது, அந்தக் குட்டி வளர்ந்த பின் தரும் ரோமம்கூடக் குறைகிறது. மேச்சேரிக்கு ரோமம் ஒரு பொருட்டில்லை, அதன் தோலுக்குத்தான் பேர். ஆனால் தாயின் முதுகு இளைத்தால் குட்டி சிறுத்துப் பிறக்கும் என்ற கணக்கு நம் ஆட்டுக்கும் பொருந்தும்.

எதை வாங்குவது

சந்தையில் நல்ல தாய் ஆடு அரிது. காய்ந்த வருஷத்தைத் தவிர, நன்றாகக் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஆட்டை யாரும் விற்கமாட்டார்கள். சந்தைக்கு வருகிறவற்றில் பல, வேறொருவர் கழித்தவை. முடிந்தவரை பட்டிக்கே போய், குட்டியோடு நிற்கும் தாயைப் பார்த்து வாங்குங்கள். நிலைப்பல் இரண்டோ நாலோ முளைத்த இளம் ஆடுகள் போதும். மடியைத் தடவிப் பாருங்கள். கட்டி இருந்தால், ஒரு காம்பு அடைத்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். இனம் சுத்தமான கிடாய் வேண்டுமென்றால் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுப் பதிந்து வையுங்கள்.

கிடாயின் வேலை வைகாசியிலேயே தொடங்குகிறது

ஆடி முதல் தேதி கிடாய் தருகிற விந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு உருவாகத் தொடங்கியது. விதையில் உருவாக ஏழு வாரம், பின் முதிர்ந்து வெளியே வர இன்னும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பின்னோக்கி எண்ணினால் வைகாசித் தொடக்கம், அதாவது கத்திரி வெயில்! விதைப்பை உடலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் விந்து சரியாக உருவாகும். உச்சி வெயிலில் நிழலில்லாமல் நின்ற கிடாயும், வைகாசியில் காய்ச்சல் கண்ட கிடாயும், ஆடியில் பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆடுகளின் மேல் ஏறும், எல்லாம் நடக்கும், சினை மட்டும் பிடிக்காது. ஆகவே வைகாசியிலிருந்து கிடாய்க்கு மர நிழல், தாராளமான தண்ணீர், தினம் 300 கிராம் வரை அடர்தீவனம் (தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்தது). புரதம் கூடினால் விதை பெருக்கும், விதை பெருத்தால் விந்தும் கூடும்.

சேர்க்கும் முன் விதைகளைக் கையில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சம அளவாக, திடமாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். ஒன்று சிறுத்திருந்தாலோ கொழகொழத்திருந்தாலோ மாற்றுக் கிடாய் தேடுங்கள். குளம்பை வெட்டிச் சரி செய்யுங்கள். நொண்டும் கிடாய்க்கு ஏற முடியாது. வளர்ந்த கிடாய் ஒன்றுக்கு 25 ஆடுகள், இளங்கிடாய் என்றால் 15. சொந்த மகளோடு சேராமல் இருக்க இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றுங்கள். பக்கத்துப் பட்டிக்காரரோடு மாற்றிக்கொள்வது மலிவான வழி.

சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது கிடாயைப் பெட்டை ஆடுகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் வையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1944-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட் குழுவினர் கவனித்தது இது: பிரித்து வைத்த கிடாயைத் திடீரென மந்தையில் விட்டால், பருவத்துக்கு வராமல் கிடந்த ஆடுகள்கூட ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரத் தொடங்குகின்றன. கிடாயின் வாடைதான் முக்கியத் தூண்டல் என்பது பின்னால் தெரிந்தது. இரண்டு மூன்று நாளில் சினைமுட்டை வெளிப்படும், ஆனால் முதல் முறை வெளிப்படையான அறிகுறி இருக்காது. அதன் பின் 18-ஆம் நாளையும் 24-ஆம் நாளையும் ஒட்டிப் பல ஆடுகள் சேர்ந்து பருவத்துக்கு வரும். ஆகவே முதல் இரண்டு வாரம் கிடாய் சும்மா திரிகிறதே என்று பதற வேண்டாம்.

எந்த ஆட்டில் ஏறியது என்று எப்படித் தெரியும்? காவிப் பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாயின் நெஞ்சில் பூசிவிடுங்கள். ஏறிய ஆட்டின் பின்புறத்தில் காவி ஒட்டும். 17 நாள் கழித்து வேறு நிறம் பூசுங்கள். முதல் நிறம் மட்டும் உள்ள ஆடு பெரும்பாலும் சினை. இரண்டு நிறமும் இருந்தால் மறு பருவத்தில் சேர்ந்தது. மந்தையில் பாதிக்கு மேல் இரண்டு நிறமும் இருந்தால் குறை கிடாயிடம், உடனே மாற்றுங்கள். ஈனும் தேதியை முன்கூட்டிச் சொல்ல இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

முதல் சமயம்: ஆனி பத்திலிருந்து

சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன், எல்லா ஆட்டின் முதுகையும் பாருங்கள். 2.5-க்குக் கீழே இருப்பவற்றைத் தனியாகப் பிரித்து, ஆட்டுக்குத் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். கிடாய் சேர்த்த பின்னும் இரண்டு வாரம் தொடருங்கள். ஏற்கெனவே 3 இருக்கிற ஆட்டுக்கு இதனால் பெரிய லாபமில்லை. எல்லோருக்கும் சமமாகக் கொட்டுவதில் போகிற காசு இங்கேதான் அதிகம்.

மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி இனம். ஆகவே இந்தத் தீவனத்தால் இரட்டை பிறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சும்மா போகக்கூடிய ஆடு சினையாகும், பல ஆடுகள் முதல் பருவத்திலேயே பிடிக்கும், அதுதான் கிடைக்கிற பலன்.

வீட்டிலேயே கலக்க ஒரு அளவு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 20, தவிடு 37, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. தாது உப்பு வாங்கும்போது ஆட்டுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டுக்கான கலவையில் தாமிரம் அதிகம். மாடு தாங்கும், செம்மறியின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் கொல்லும். அகத்தி, சூபாபுல், வேலிமசால் கையில் இருந்தால் புண்ணாக்கைக் குறைக்கலாம். தானியம் பழகாத ஆட்டுக்கு முதல் நாளே முழு அளவு வைத்தால் வயிற்றில் புளிப்பு ஏறிப் படுத்துவிடும். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

குடற்புழு மருந்தைச் சேர்ப்பதற்கு முன்பே கொடுத்து முடியுங்கள். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, கருவுக்கு ஊனம் வரும்.

சினை: நடுவில் விடுங்கள், கடைசியில் பிடியுங்கள்

முதல் மாதம் கரு கருப்பையில் ஒட்டிப் பிடிக்கிற காலம். வண்டியில் ஏற்றாதீர்கள், வெகுதூரம் ஓட்டாதீர்கள், நாய் விரட்டாமல் பாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் மேய்ச்சல் போதுமானதாக இருந்தால் கைத்தீவனம் தேவையில்லை. அரை மதிப்பெண் இறங்கினால் பாதகமில்லை, அதற்கு மேல் இறங்க விடாதீர்கள். நச்சுக்கொடி வளர்வது இந்த மாதங்களில்தான்.

கடைசி 50 நாளில், ஐப்பசி பத்திலிருந்து, கதை மாறும். இரண்டாவது சமயம் இது. பிறக்கும்போது உள்ள எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குட்டி சேர்ப்பது இந்த ஏழு வாரத்தில். குட்டி பெருக்கப் பெருக்க இரைப்பைக்கு இடம் சுருங்கும், பசி இருந்தும் தாயால் நிறையத் தின்ன முடியாது. குறைந்த அளவில் சத்தான தீவனம் தேவைப்படுவது இதனால்தான். தினம் 250 கிராம், காலையும் மாலையும் பிரித்து. ஐப்பசியில்தான் பச்சை வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். முதல் மழைப் புல் பார்க்கப் பச்சை, உள்ளே பெரும்பகுதி தண்ணீர். அதை மட்டும் மேய்ந்தால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது, கழிச்சலும் வரும். மேயவிடும் முன் காலையில் சோளத்தட்டோ கடலைக்கொடியோ கொஞ்சம் கடிக்கக் கொடுங்கள். அறுத்த சோளக்காட்டில் மழைக்குத் துளிர்த்த இளந்தளிரில் நஞ்சு இருக்கும், அந்தப் பக்கமே ஓட்டாதீர்கள்.

துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன் தாய்க்குப் போட்டால் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். ஒரே ஊசியில் இரண்டு உயிர். கால்நடை மருந்தகத்தில் முன்னரே சொல்லி வையுங்கள், மழைக்காலத்தில் எல்லோரும் கேட்பார்கள்.

ஈனும் நாட்கள்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செம்மறி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். காய்ந்த, காற்று வீசாத இடம் வேண்டும். தொப்புள்கொடியில் அயோடின் தடவுங்கள். குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து காம்பைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் தாயிடம் கறந்து, கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் ஊட்டுங்கள். இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 125 மில்லி. சீம்பாலின் காப்புப் பொருளைக் குடல் உறிஞ்சுவது முதல் நாளோடு நின்றுவிடும், அடுத்த நாள் எவ்வளவு ஊட்டியும் பயன் குறைவு. பிறந்த எடையை அன்றே எழுதுங்கள்.

பால் மறக்கடித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. தாயும் குட்டியும் கத்துவதைக் கேட்கச் சகிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. காசு ஆசையில் 45 நாளில் பிரித்துக் குட்டியைச் சாகடிக்கிறவர்களும் உண்டு.

செம்மறியின் பால் ஈன்ற மூன்றாவது, நாலாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பின் இறங்கும். எட்டாவது வாரத்தில் குட்டி தன் தேவையின் பெரும்பகுதியை மேய்ந்தே எடுக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்குப் பின் அது குடிக்கிற பால் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்துக்காகத் தாயின் முதுகு கரைந்துகொண்டே இருக்கும். தாய்க்குத் தீவனம் வைத்து, அது பாலாகி, அந்தப் பால் குட்டியின் சதையாக மாறுவதற்குள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் இழப்பு. அதே தீவனத்தைக் குட்டிக்கே நேரடியாக வைத்தால் மிச்சம். வறண்ட வருஷத்தில் சீக்கிரம் பிரிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

சீக்கிரம் என்றால் எவ்வளவு? நாளை மட்டும் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பிறந்த குட்டிக்கு அசைபோடும் இரைப்பை பெயருக்குத்தான் இருக்கும். பால் அதைத் தொடாமல் கடைசி அறைக்கு நேராகப் போய்விடும். எத்தனை பால் குடித்தாலும் அந்த இரைப்பை வளராது. தானியம் உள்ளே போய்ப் புளித்து, அதில் உண்டாகும் அமிலங்கள் பட்டால்தான் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன முளைகள் வரும். தட்டும் புல்லும் இரைப்பையின் கொள்ளளவைக் கூட்டும். ஆகவே பால் மறக்கடிக்கும் வேலை பிறந்த பதினைந்தாம் நாளே தொடங்குகிறது. பட்டியின் ஒரு மூலையை மறைத்து, குட்டி மட்டும் நுழையும் அகலத்தில் சந்து விட்டு, உள்ளே பொடித்த மக்காச்சோளமும் புண்ணாக்கும் கலந்து வையுங்கள். முதல் வாரம் முகர்ந்து பார்த்துக் கொட்டிவிடும். தினமும் பழையதைத் தாய்க்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள். ஆறாவது வாரத்தில் போட்டி போட்டுத் தின்னும்.

சாதாரண வருஷத்தில் 90 நாள். மார்கழி முதல் தேதி தொடங்கிப் பிறந்த குட்டிகளை எல்லாம் சேர்த்துப் பங்குனி கடைசி வாரத்தில் ஒரே நாளில் பிரிக்கலாம். மூத்தது 110 நாள், இளையது 70 நாள் வாக்கில் இருக்கும். புல் தீர்ந்த வருஷத்தில் 60 நாளிலும் பிரிக்கலாம். ஆனால் குட்டி தினம் 200 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்ன வேண்டும், பிறந்த எடையைப் போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். ஆஸ்திரேலிய மெரினோ பண்ணைகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிரிக்கும்போது குட்டி, அந்த இனத்துப் பெட்டையின் முழு எடையில் 45% எட்டியிருந்தால் பிழைப்பது உறுதிப்படும். மேச்சேரிப் பெட்டையை 25 கிலோ என்று வைத்தால் 11 கிலோ. நம் குட்டிகள் பல 90 நாளில் ஒன்பது, பத்துக் கிலோவில்தான் நிற்கும். அப்படி எட்டாதவற்றைத் தனிப் பட்டியில் வைத்து ஆறு வாரம் கூடுதல் தீவனம் கொடுங்கள். பெரிய குட்டிகளோடு விட்டால் சின்னதுக்குத் தொட்டியில் இடம் கிடைக்காது. மூன்றாவது சமயம் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இனி பிரிக்கும் நாள். ஊசி, காதடையாளம், இடமாற்றம் எல்லாவற்றையும் அதே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தடுப்பூசியை இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். பிரிப்பதற்கு நாலைந்து நாள் முன்பிருந்து தாய்க்கு அடர்தீவனத்தை நிறுத்துங்கள், பால் தானாகக் குறையும். பிறகு தாயை வெளியே எடுங்கள், குட்டி பழகிய காட்டிலேயே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியும் நிழலும் தெரிந்த இடம் என்றால் பாதி கலவரம் குறையும். பால் இல்லாத கிழட்டு ஆடு இரண்டைக் குட்டிகளோடு விட்டால் அவை முன்னால் நடக்கும், குட்டிகள் பின்னால் போகும். தாயை வேலிக்கு அந்தப்புறம் கண்ணில் படும்படி வைக்கலாம். கலிஃபோர்னியாவில் கன்றுகளை வைத்து நடந்த ஆய்வில், தாயை வேலி வழியே பார்க்க முடிந்த கன்றுகள் குறைவாகக் கத்தின, அதிகமாக மேய்ந்தன, எடையும் குறைவாகவே இழந்தன. கிளுவை வேலி அடர்த்தியாக இருந்தால் இதற்குத் தோதானது, குட்டியால் நுழைந்து குடிக்க முடியாது. மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் மேயும்.

அடுத்த எதிரி புழு. ஐந்தாறு மாதம் வரை குட்டிக்குப் புழு எதிர்ப்பு பலம் குறைவு. பிரித்த பின் தாய் ஆடுகள் சமீபத்தில் மேயாத காட்டை அதற்குக் கொடுங்கள். கண் இமையின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு. இதைத் தரம் பிரிக்கத் தென்னாப்பிரிக்காவில் 'ஃபமாச்சா' என்ற நிற அட்டையை உருவாக்கினார்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றினால் மருந்துக்கு மசியாத புழுதான் காட்டில் மிஞ்சும்.

சித்திரையில் குட்டிக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது. கோடையில் உதிரும் வெள்வேலங்காய் இருக்கிறது, புரதம் உள்ள தீனி. தையில் சேர்த்து வைத்த கடலைக்கொடி இருக்கிறது. பால் வற்றிய தாய்க்குத் தேவை பாதியாகக் குறைவதால் அந்தப் பங்கும் மிச்சம்.

கிடாய்க்குட்டிகளை ஐந்து மாதத்துக்குள் தங்கைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். விளையாட்டாக ஏறுவது போலிருக்கும், சினையாகிவிடும். பெட்டைக்குட்டியை முழு எடையில் 65% எட்டும் வரை கிடாயோடு சேர்க்க வேண்டாம். மேச்சேரிக்கு அது 16, 17 கிலோ. வயதைவிட எடை முக்கியம்.

மாடும் வைத்திருக்கிறீர்களா?

கொறங்காட்டில் காங்கயம் மாடும் சேர்ந்தே மேயும். விதி ஒன்றுதான், ஆனால் காலம் நீளம். சினை ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல், பருவச் சுற்று 21 நாள். வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறு சினை பிடிக்க வேண்டும். மேய்ச்சல் பசு அப்படிப் பிடிக்காததற்குக் காரணம் இரண்டு: இளைத்த உடம்பு, ஓயாமல் ஊட்டும் கன்று. கன்று கூடவே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும்வரை சினைமுட்டையை முதிர வைக்கும் சுரப்பு பசுவின் மூளையில் அடங்கியே இருக்கும். டெக்சஸில் 1981-ல் வெளியான ஒரு ஆய்வில், பிரம்மன் கலப்புக் கிடேரிகளுக்கு ஈன்ற ஒரு மாதத்துக்குப் பின் கன்றை நாளுக்கு ஒருமுறை மட்டும் ஊட்டவிட்டார்கள். அந்தக் கிடேரிகள் சீக்கிரம் பருவத்துக்கு வந்தன.

நாட்டுப் பசு கன்றைக் காட்டாமல் பால் சொரக்காது என்பதால் முழுதாகப் பிரிப்பது இங்கே நடக்காது. காலையும் மாலையும் மட்டும் ஊட்டவிட்டு, மற்ற நேரம் கன்றைத் தனியாகக் கட்டிப் புல்லும் தவிடும் பழக்குங்கள். ஆனால் விலா எலும்பு தெரிய இளைத்த பசுவுக்கு இது மட்டும் பலிக்காது. முதலில் தீவனம், பிறகுதான் கன்றைக் கட்டுவது.

நோட்டு

காதில் எண் போட்டு, ஆட்டுக்கு ஒரு வரி வையுங்கள்: சேர்த்தபோது முதுகு மதிப்பெண், காவி பட்ட நாள், ஈன்ற நாள், குட்டியின் பிறந்த எடை, 90-ஆம் நாள் எடை. வருஷக் கடைசியில் பார்க்க வேண்டிய எண் ஒன்றே: கிடாயோடு சேர்த்த 100 ஆட்டுக்கு, பால் மறந்து உயிரோடு நிற்கும் குட்டி எத்தனை. எத்தனை பிறந்தது என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் ஏராளம், அதைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

அந்த எண் குறைவாக இருந்தால் எந்த இடத்தில் ஒழுகியது என்று நோட்டே காட்டும். காவியே படாத ஆடுகள் அதிகமா? ஆனி மாத முதுகில் குறை. காவி இரண்டு முறை பட்டதா? கிடாயில் குறை. குட்டி இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்து முதல் வாரத்தில் செத்ததா? ஐப்பசித் தீவனத்தில் குறை. சித்திரையில் செத்தால் பிரித்த விதத்திலோ புழுவிலோ குறை. இரண்டு சேர்க்கையில் தொடர்ந்து சும்மா நின்ற ஆட்டையும், மடி கெட்ட ஆட்டையும், பல் விழுந்த கிழட்டு ஆட்டையும் பால் மறக்கடித்த வாரத்திலேயே விற்றுவிடுங்கள். புல் தீரும் முன் வாய் குறையும், ஆனியில் தீவனம் வைக்கும்போது பட்டியில் நிற்பவை எல்லாம் அந்தத் தீவனத்துக்குத் தகுந்தவையாக இருக்கும்.